பிரிஃபார்மிஸ் தசையின் நடுவே நரம்பு போகிறதாம்: என் வலிக்கு இதுதான் காரணமா?

ஈசூன்வாசி · செவ்வாய், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. கணக்கர் வேலை, நாள் முழுவதும் நாற்காலிதான். ஏழு மாதங்களாக வலப் பிட்டத்தின் அடியில் ஒரு வலி இருக்கிறது. உட்கார்ந்து இருபது நிமிடம் ஆனதும் மெல்லத் தலைதூக்கும். பிறகு தொடையின் பின்பக்கமாக முழங்கால்வரை இறங்கும். சிங்கப்பூரின் வடக்கே உள்ள ஈசூனிலிருந்து மேற்கு முனையான துவாஸுக்கு நிறுவனப் பேருந்தில் போகும்போது பாதி வழி இடப்பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் தம் தோளில் தூங்கி விழுகிறேன் என்று நினைத்து ஒருநாள் என்னைத் தட்டி எழுப்பிவிட்டார்.

பலதுறை மருந்தகத்தில் முதலில் முதுகெலும்பின் வட்டு விலகியிருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். முதுகு எம்.ஆர்.ஐ.யில் வயதுக்குரிய தேய்மானம் தவிர ஒன்றும் இல்லை. பின்னர் நானாகவே ஒரு தனியார் மருந்தகத்துக்குப் போய், இடுப்புக்கூட்டை எம்.ஆர்.ஐ. எடுத்தேன். அறிக்கையில் உள்ள வரியின் சாரம் இது: வலப்பக்கத்தில், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு மேலேயே இரண்டாகப் பிரிந்திருக்கிறது, அதன் பொதுப் பெரோனியல் கிளை பிட்டத்தின் ஆழத்தில் உள்ள பிரிஃபார்மிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது, பீட்டன்–ஆன்சன் பகுப்பில் இது இரண்டாம் வகை.

அந்த மருந்தகத்தில் இருந்தவர் இந்த வரியைக் கண்டதும் "காரணம் கிடைத்துவிட்டது" என்றார். என் இடுப்பை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. தசையை வெட்டி நரம்பை விடுவிக்கலாம் என்று சொல்லி, செலவு மதிப்பீட்டுத் தாளையும் கையில் கொடுத்து அனுப்பினார். பிறந்ததிலிருந்தே நரம்பு இப்படித்தான் போகிறது என்றால், 45 ஆண்டுகள் ஏன் சும்மா இருந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_டாக்சி · செவ்வாய், இரவு 10.15

தம்பி, நான் 22 ஆண்டுகள் டாக்சி ஓட்டியவன். எனக்கும் இதே இடத்தில்தான் வலித்தது. பின்பையில் பணப்பையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணிநேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்று ஒரு மருத்துவர் கண்டுபிடித்தார். பணப்பையைச் சட்டைப்பைக்கு மாற்றினேன். இரண்டு மாதத்தில் வலி போய்விட்டது. எனக்கு யாரும் எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை, ஆகையால் என் நரம்பு எந்த வகை என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

தேக்கா_ஐயா · புதன், காலை 6.50

நான் ஓய்வு பெற்றவன். மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறு வகுப்பில் பிரேதங்களை அறுத்துக் காட்டுவதே பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. நான் சிகிச்சை தரும் மருத்துவன் அல்லன். அந்த எல்லைக்குள் நின்று எழுதுகிறேன்.

உடலைக் குப்புறக் கிடத்தி, பிட்டத்தின் பெருந்தசையை அறுத்து, ஒரு கனமான புத்தகத்தின் அட்டையைத் திருப்புவதுபோல் வெளிப்பக்கமாகத் திருப்பினால், அடியில் மஞ்சள் கொழுப்பு தெரியும். அதை விரலால் மெல்ல ஒதுக்கியதும் முதலில் கண்ணில் படுவது பிரிஃபார்மிஸ். லத்தீனில் பேரிக்காய் வடிவம் என்று பொருள். இத்தசை முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்பின் முன்பக்கத்தில் தோன்றி, இடுப்புக்கூட்டின் பெரிய சயாட்டிக் துளை வழியாக வெளியே வந்து, தொடை எலும்பின் மேல்முனையில் வெளிப்புறமாகப் புடைத்திருக்கும் மேட்டின் உச்சியில் பற்றுகிறது. நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பாடமே, இந்தத் தசையைக் கண்டுபிடித்துவிட்டால் இந்த வட்டாரத்தில் வழி தவறாது என்பதுதான். இதன் மேல் விளிம்பில் மேல் பிட்ட நரம்பும் அதன் இரத்தக் குழாய்களும் வெளிவரும். கீழ் விளிம்பில் சயாட்டிக் நரம்பும் அதனோடு இன்னும் சில நரம்புகளும் வெளிவரும்.

உடலிலேயே தடிமனான நரம்பு சயாட்டிக். பார்ப்பதற்கு ஒரே பட்டையாக இருந்தாலும், அது ஒரே உறைக்குள் படுத்திருக்கும் இரண்டு நரம்புகள்: உட்பக்கம் டிபியல், வெளிப்பக்கம் பொதுப் பெரோனியல். கருவில் இவ்விரண்டும் நரம்புப் பின்னலின் முன்பிரிவிலிருந்தும் பின்பிரிவிலிருந்தும் தனித்தனியாகவே உருவாகின்றன. பெரும்பாலோருக்கு இவை முழங்காலுக்குச் சற்று மேலே பிரியும். சிலருக்கு இடுப்புக்கூட்டுக்குள்ளேயே பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்த கிளை, தசை உருவாகும் இடத்தின் குறுக்கே கிடந்தால், தசை அதைச் சுற்றி இரண்டு பிளவுகளாக வளர்ந்துவிடுகிறது. நரம்பு தசையைத் துளைத்தது என்று எழுதுவது வழக்கம். தசை நரம்புக்கு இடம்விட்டு வளர்ந்தது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. நான் கண்ட இரண்டாம் வகை உடல்களில், பள்ளிக்கூடப் பிள்ளையின் சடைக்குள் ரிப்பன் நுழைந்து வெளிவருவதுபோல், அந்த வெள்ளைப் பட்டை தசைநார்களின் நடுவே அமைதியாகக் கிடந்தது. நசுங்கிய தடமோ தழும்போ என் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. வெறுங்கண் பார்வைக்கு எல்லை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பீட்டன், ஆன்சன் என்ற இருவரும் 1937-இல் இந்த உறவை ஆறு வகைகளாகப் பிரித்தார்கள். பிரியாத நரம்பு பிரியாத தசைக்குக் கீழே வருவது முதல் வகை. உங்களுடையது இரண்டாவது. ஒரு கிளை தசைக்கு மேலேயும் மற்றொன்று கீழேயும் வருவது மூன்றாவது. முழு நரம்பும் தசையைத் துளைப்பது நான்காவது. எஞ்சிய இரண்டும் அன்றைக்குக் கணக்குப் போட்டு ஊகித்தவை; பின்னாளில் அவற்றிலும் ஓரிரண்டு கண்ணில் பட்டன. 2016-இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கால்களின் தரவுகளை ஒன்றுசேர்த்த ஆய்வில், ஏறக்குறைய 85 விழுக்காடு முதல் வகை. இரண்டாம் வகை பத்து விழுக்காட்டை ஒட்டி வந்தது. சனிக்கிழமை காலை தேக்கா சந்தையில் மீன் வாங்க நிற்கும் நூறு பேரில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு உங்கள் அமைப்பே இருக்கும். அவர்கள் எல்லாரும் நொண்டிக்கொண்டா நிற்கிறார்கள்?

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. 2010-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, முதல் வகை அல்லாத மாறுபாடுகள் எல்லாம் சேர்ந்து பிரேதங்களில் 16.9 விழுக்காடு என்றும், பிரிஃபார்மிஸ் நோய்க்குறிக்காக, அதாவது இத்தசை நரம்பை நெருக்குவதால் வரும் வலிக்காக, அறுவை செய்துகொண்டவர்களில் 16.2 விழுக்காடு என்றும் காட்டியது. மாறுபாடே நோய்க்குக் காரணமாக இருந்தால், அறுவை மேசையில் அதன் விகிதம் எகிறியிருக்க வேண்டும், எகிறவில்லை. 2018-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடுப்புகளின் எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்தவர்களும், மாறுபாடு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இந்நோய்க்குறியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே எழுதினார்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் வலப்பக்கத்து வரியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இடுப்பு எம்.ஆர்.ஐ. என்றால் இரண்டு பக்கமும் பதிவாகியிருக்கும். இடப்பக்கத்தைப் பற்றி அறிக்கை என்ன சொல்கிறது?

ஈசூன்வாசி · புதன், பிற்பகல் 1.05

ஐயா, சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியில் அறிக்கையைத் திறந்து பார்த்தேன். "இடப்பக்கத்திலும் இதே அமைப்பு" என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. மூன்று வாரமாக இந்தத் தாளை வைத்துக்கொண்டு வலப்பக்கத்தை மட்டுமே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் இடப்பக்கத்தில் ஒருநாள்கூட வலித்ததில்லை.

நடைபழகு · புதன், இரவு 8.30

நான் இயன்முறை மருத்துவர். தேக்கா ஐயா கூறியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு என்பதால் மாறுபாட்டுக்குப் பங்கே இல்லை என்று முடிவு கட்ட இயலாது. ஒரே மாதிரியான இரண்டு கதவுகளில் ஒன்றை மட்டும் நாளெல்லாம் இழுத்துச் சாத்தினால் அதன் கீல்தான் முதலில் தேயும். பிட்டத்தில் அடிபட விழுந்தவர்களுக்கும், தசை இறுகிப் பருத்தவர்களுக்கும், தசைக்குள் ஓடும் கிளைக்கு இடநெருக்கடி கூடுதலாக இருக்கலாம். விகிதக் கணக்கு ஒரு கூட்டத்துக்குப் பொருந்தும்; எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு விடை சொல்ல அவரைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும்.

இந்த நோய்க்குறியின் வரலாறே சற்று வழுக்கலானது. 1928-இல் யோமன் என்பவர், பிட்டத்திலிருந்து காலில் இறங்கும் சயாட்டிகா வலியில் இந்தத் தசைக்குப் பங்கு உண்டு என்று எழுதினார். 1947-இல் ராபின்சன் இதற்குப் பிரிஃபார்மிஸ் நோய்க்குறி என்ற பெயரை வைத்தார். முதுகு வட்டின் பிதுக்கம் சயாட்டிகாவுக்குக் காரணம் என்பது 1934-க்குப் பிறகுதான் பரவலாக ஏற்கப்பட்டது. அதன்பின் வட்டு எல்லாப் பழியையும் வாங்கிக்கொண்டது. வட்டில் ஒன்றும் இல்லையென்றால் மீதிப் பழி பிரிஃபார்மிஸ் மேல் விழுந்தது. இப்போது பலர் ஆழ்பிட்ட நோய்க்குறி என்ற அகலமான பெயரைப் பயன்படுத்துகிறார்கள். ஏனென்றால் நரம்பு அதே வட்டாரத்தில் நார்ப்பட்டைகளாலோ, அப்ட்யூரேட்டர் இன்டர்னஸ் தசையாலோ, பின்தொடைத் தசைகளின் வேரருகிலோகூட நெருக்கப்படலாம்.

இதை உறுதிசெய்ய ஒற்றைச் சோதனை எதுவும் இல்லை. இடுப்பை மடக்கி, உட்பக்கம் சாய்த்து, உள்நோக்கித் திருப்பும்போது பழகிய அதே வலி கிளம்புகிறதா என்று பார்ப்போம். சிலர் அதே நிலையில் நரம்பின் மின்கடத்தல் தாமதமாகிறதா என்றும் அளப்பார்கள். முதுகையும், இடுப்பு மூட்டையும், திரிக எலும்பின் மூட்டையும் ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே பிரிஃபார்மிஸ் பெயரைச் சொல்ல வேண்டும். உங்களுக்குச் செலவு மதிப்பீடு முதலில் வந்தது, சோதனை வரவேயில்லை.

ஈசூன்வாசி அவர்களே, இரண்டு கேள்விகள். ஒரே விரலால் வலியின் மையத்தைத் தொடச் சொன்னால் எங்கே தொடுவீர்கள்? பிட்டத்தின் நடுவிலா, அல்லது உட்காரும்போது இருக்கையில் அழுந்தும் எலும்பு முண்டிலா? ஏழு மாதங்களுக்கு முன் உங்கள் அன்றாடத்தில் புதிதாக என்ன நுழைந்தது? இடையில் சிறுநீர் கழிப்பதில் சிரமமோ, தொடையிடுக்கில் மரத்துப்போதலோ, பாதத்தைத் தூக்க முடியாமையோ வந்தால், இங்கே எழுதிக்கொண்டிராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அங்மோகியோ_அம்மா · வியாழன், காலை 10.20

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு 68 வயது; அடுத்த மாதம் இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடக்கவிருக்கிறது. பின்பக்கமாகத் திறப்போம் என்றார்கள். என் நரம்பும் இப்படித் தசைக்குள் ஓடினால் கத்தி அதில் பட்டுவிடாதா? இந்த இழையைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை.

தேக்கா_ஐயா · வியாழன், காலை 11.45

அம்மா, தூக்கம் கெடும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. என் பார்வையில் இம்மாறுபாடு உண்மையாகவே கணக்கில் வரும் இடம் அறுவைக்கூடம்தான்.

பின்பக்க வழியில் திறக்கும் அறுவை மருத்துவர், பிரிஃபார்மிஸ் முதலான சிறு தசைகளின் தசைநாண்களைத் தொடை எலும்பில் பற்றும் இடத்தருகே விடுவித்துப் பின்னோக்கி மடிப்பார். வழக்கமான அமைப்பில் அந்த மடிப்பு நரம்பின்மேல் ஒரு திரைபோல் விழுந்து அதற்குக் காப்பாகிறது. இரண்டாம் வகையில் ஒரு கிளை தசைக்குள்ளேயே இருப்பதால், தசையை இழுக்கும்போது கிளையும் சேர்ந்து இழுபடக்கூடும். பொதுப் பெரோனியல் கிளை ஏற்கெனவே நோஞ்சான்: அதைப் பொதிந்திருக்கும் மெத்தென்ற இணைப்புத் திசு குறைவு, கீழே முழங்காலுக்கு வெளியே எலும்பின் கழுத்தில் கட்டுண்டு கிடப்பதால் இழுப்புக்கு நெகிழ்ந்தும் கொடுக்காது. இந்த அறுவையில் நரம்பு பாதிப்பே அரிது. அப்படி நேர்ந்தால் பெரும்பாலும் அடிபடுவது இக்கிளைதான், அதனால்தான் பாதம் தொங்கிப்போகிறது. இவற்றை எல்லாம் அறிந்தே அவர்கள் கைவைக்கிறார்கள். முன்பே உங்களுக்கு இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அந்தத் தாளை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். எடுக்கவில்லையென்றால் இதற்காக மட்டும் எடுக்க வேண்டியதில்லை.

தசைநாணும் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலருக்குத் தனி நாணாக மேட்டில் பற்றும். சிலருக்கு அப்ட்யூரேட்டர் இன்டர்னஸின் நாணோடு கலந்தே போகும். ஒரு துணுக்கு: தொடை எலும்புக்குள் ஆணி செலுத்தும் எலும்பு மருத்துவர்கள் பிரிஃபார்மிஸ் குழி என்று ஓரிடத்தைச் சொல்வார்கள்; அந்தக் குழியில் பிரிஃபார்மிஸ் பற்றுவதே இல்லை, அது அப்ட்யூரேட்டர் எக்ஸ்டர்னஸ் என்ற வேறொரு தசையின் இடம். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இதைச் சொல்லி நான் பல எலும்பு மருத்துவர்களின் பொறுமையைச் சோதித்திருக்கிறேன்.

அறை_எண்_7 · வியாழன், மாலை 6.10

மயக்க மருத்துவப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களுக்கும் இதில் சங்கதி உண்டு. காலை மட்டும் மரக்கச் செய்ய சயாட்டிக் நரம்பைச் சுற்றி மருந்து செலுத்துவோம். நரம்பு மேலேயே பிரிந்திருந்தால், ஒரே இடத்தில் செலுத்தும் மருந்து ஒரு கிளையை மட்டும் நனைத்து மற்றதை விட்டுவிடலாம். உள்ளங்கால் மரத்திருக்கும், பாதத்தின் மேற்புறத்தில் கிள்ளினால் நோயாளி துள்ளுவார். அல்ட்ராசவுண்டு கருவி கைக்கு வந்த பிறகு கிளைகளைக் கண்ணால் கண்டே செலுத்துகிறோம்.

பிரிஃபார்மிஸுக்குள் ஊசி போடுவதற்கும் இதே நியாயம்தான். 2008-இல் பிரேதங்களில் செய்த ஓர் ஒப்பீட்டில், அல்ட்ராசவுண்டு வழியாகப் போட்ட 20 ஊசிகளில் 19 சரியான இடத்தில் விழுந்தன. எக்ஸ்ரே வழிகாட்டலில் போட்ட 20-இல் ஆறு மட்டுமே விழுந்தன. மற்றவை பெரும்பாலும் மேலே கிடக்கும் பெருந்தசைக்குள் போயின. ஈசூன்வாசி ஊசிக்கு உடன்பட்டால், தம் நரம்புக் கிளை தசைக்குள் ஓடுகிறது என்பதை ஊசி போடுபவரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். தசையின் நடுவைக் குறிவைக்கும் ஊசி, அவருக்கு நரம்பைக் குறிவைப்பதாக ஆகிவிடும்.

நேர்கேள்வி · வியாழன், இரவு 10.30

எல்லாரும் மாறுபாடு நோயல்ல என்கிறீர்கள். அப்படியானால் கதிரியக்க மருத்துவர் அதை ஏன் அறிக்கையில் எழுதுகிறார்? அறுவை செய்துகொண்டு குணமானவர்களும் இருக்கிறார்களே, அவர்கள் பொய் சொல்கிறார்களா?

நடைபழகு · வெள்ளி, காலை 7.15

கண்டதை எழுதுவது அவர் கடமை. அறை எண் 7 சொன்ன ஊசிக் கதையே அதற்குப் போதுமான காரணம். எழுதியதை நோயாக்குவது படிக்கும் நம் வேலையாகிவிடுகிறது. அறுவையால் குணமானவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு மாதக்கணக்கான பயிற்சி பலிக்காமல், தசைக்குள் போட்ட மரப்பு ஊசியால் வலி தற்காலிகமாக அடங்கி, காரணம் அங்கேதான் என்பது உறுதியான பிறகே கத்தி எடுக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோரின் நரம்பு முதல் வகைதான் என்பதை மேலே உள்ள 16.2 விழுக்காடே சொல்கிறது.

பழைய_டாக்சி · வெள்ளி, காலை 9.00

ஒரு சந்தேகம். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒருவர் முழங்கையால் பிட்டத்தில் அழுத்தி வாயுப்பிடிப்பு எடுத்துவிடுவார். ஈசூன் தம்பி அங்கே போகலாமா?

நடைபழகு · வெள்ளி, காலை 9.40

நரம்பு தசைக்குள் ஓடும் ஒருவரின் பிட்டத்தில் முழங்கையை ஊன்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஐயா. ஈசூன்வாசி என் கேள்விகளுக்கு விடை சொல்லட்டும், பார்க்கலாம்.

ஈசூன்வாசி · ஞாயிறு, மாலை 5.20

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஒரே விரலால் தொட்டுப் பார்த்தேன். விரல் பிட்டத்தின் நடுவில் நிற்கவில்லை. கீழே, உட்காரும் எலும்பு முண்டில் போய் நின்றது. என் மனைவி தொட்டுப் பார்த்தபோதும் அதே இடத்தில்தான் துள்ளினேன்.

ஏழு மாதங்களுக்கு முன் புதிதாக நுழைந்தது என்ன என்று யோசித்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. எடை குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால், மின்தூக்கியை விட்டுவிட்டு எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் பன்னிரண்டு தளங்களையும் மாலைதோறும் மூன்று முறை ஏறத் தொடங்கியது அப்போதுதான். வலி வந்ததும், காணொளிகளைப் பார்த்து, காலை நீட்டி முன்னால் குனிந்து பாதத்தைத் தொடும் நீட்சிப் பயிற்சியை நாள்தோறும் இருபது நிமிடம் செய்தேன்.

பிறகு அறிக்கையை இந்த முறை கடைசிவரை படித்தேன். இரண்டாம் பக்கத்தில் மூன்று வரிகளுக்குக் கீழே, வலப்பக்க ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தொடைத் தசைகளின் தசைநாண் எலும்பில் பற்றும் இடத்தில் தடிப்பும் லேசான நீர்க்கோப்பும் இருப்பதாக எழுதியிருக்கிறது. இடப்பக்கத்தைப் பற்றி அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

நடைபழகு · ஞாயிறு, இரவு 7.45

நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன்; ஆனால் இந்த வரி உங்கள் கதையோடு பொருந்துகிறது. வலிக்கும் பக்கத்தில் மட்டும் இருக்கிறது, வலிக்கும் புள்ளியில் இருக்கிறது, வலி தொடங்கிய காலத்தில் அதற்கான பளுவும் இருக்கிறது. சயாட்டிக் நரம்பு அந்த நாணுக்கு மிக அருகில் இறங்குவதால் தொடையின் பின்னால் வலி ஓடுவதும் வியப்பில்லை. முன்னால் குனியும் அந்த நீட்சியை இன்றே நிறுத்துங்கள்: குனியும்போது அந்த நாண் எலும்பு முண்டின்மேல் அழுந்துகிறது, அதனால்தான் உட்கார்வதும் வலிக்கிறது. இத்தகைய நாணுக்குத் தேவை சிறுகச் சிறுகக் கூட்டும் பளு. பலதுறை மருந்தகத்தில் இயன்முறைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை மறக்காமல் கொண்டுபோங்கள்.

ஈசூன்வாசி · ஆறு வாரங்களுக்குப் பின், திங்கள், காலை 7.05

பேருந்திலிருந்து எழுதுகிறேன். இயன்முறை மருத்துவர் என்னைத் தொட்டும் திருப்பியும் அரைமணி நேரம் சோதித்தார். பிரிஃபார்மிஸை இழுக்கும் சோதனைகளில் எதுவும் வலிக்கவில்லை. படுத்துக்கொண்டு குதிகாலை அழுத்தி இடுப்பைத் தூக்கச் சொன்னபோது பழகிய வலி உடனே வந்தது. இப்போது நாள் விட்டு நாள் அந்தப் பயிற்சிதான், மாடிப்படிக்கு விடுமுறை. வலி முழுதாகப் போகவில்லை. இருபது நிமிடத்தில் வந்தது இப்போது உட்லண்ட்ஸ் தாண்டி விரைவுச்சாலையில் பாதி தூரம் போன பிறகே எட்டிப் பார்க்கிறது. செலவு மதிப்பீட்டுத் தாளின் பின்பக்கத்தில் பயிற்சி எண்ணிக்கையை எழுதி வருகிறேன். மருந்தகக் கோப்பின் முதல் பக்கத்தில், இரண்டு பக்கமும் இரண்டாம் வகை என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன், தேக்கா ஐயா. என்றாவது யாராவது அங்கே ஊசியோ கத்தியோ எடுத்தால் முதலில் அதைப் படிக்கட்டும்.